வண்டியில் வாங்கிய கேரட்

கொடைக்கானலில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு நர்ஸ் குடியிருந்தார். ஒல்லியானவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருப்பார். வெளிநாட்டுப் பல்லி ஒன்றை வளர்த்தார். அதற்கு இரையாகப் பெரிய டப்பாக்களில் சுவர்க்கோழிப் பூச்சிகளை வளர்த்தார். காலையில் ஒவ்வொரு டப்பாவிலும் காதை வைத்து அவை கத்துகின்றனவா என்று கேட்பது அவர் வழக்கம்.

ஒருநாள் டப்பாவும் கையுமாகப் படியிறங்கி ஓடிவந்தார். உள்ளே அத்தனையும் செத்து மல்லாந்து கிடந்தன.

"நேத்து வண்டியில வாங்குன கேரட்டத்தாங்க போட்டேன். என்ன மருந்து அடிச்சிருந்தாங்களோ! நீங்களும் அதுலதான வாங்குனீங்க?"

"பாப்பாவுக்குப் பொரியல் பண்ணிக் குடுத்து விட்டுட்டேங்க" என்றேன்.

"வெரசா வாங்க, ஸ்கூலுக்குப் போவோம்."

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மகள் சாப்பிட்டு முடித்திருந்தாள். நர்ஸ் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நாடி பார்த்தார். சாயங்காலம்வரை அவளை விட்டு நகரவில்லை. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பூச்சிங்க குளிர்லகூடச் செத்திருக்கும். நாந்தான் உங்களப் பயமுறுத்திட்டேன்" என்று சிரித்தார்.

அவை எதனால் செத்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அப்படிச் சிரித்தபோதும், என் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இன்னும் நாடி பார்த்துக்கொண்டிருந்தன.