உடைத்துப் பார்த்த டேங்க்

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் இருபத்தாறு வருஷம் பாய்லர் வெல்டராக இருந்தவன் நான். ராக்கெட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டி.வி.யில் பார்த்ததுதான். பெரிய அரசாங்கக் கட்டடம், வரிசையாகக் கம்ப்யூட்டர், ராக்கெட் மேலே போனதும் எழுந்து நின்று கைதட்டும் பெரிய மனிதர்கள். அதனால் சென்னைக்கு வெளியே ஒரு தனியார் ராக்கெட் கம்பெனிக்கு வெல்டர் வேண்டும் என்று ஓர் ஆள் வந்தபோது, ஏமாற்றுப் பேர்வழி என்று விரட்டப் பார்த்தேன். ராக்கெட்டைத் தனியார் விடுவதற்கு இது என்ன மினி பஸ்ஸா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாய்லர் குழாயைப் பற்றவைத்து எக்ஸ்ரேயில் தேறின கை வேண்டும், விசாரித்த இடத்திலெல்லாம் உங்களைத்தான் சொல்கிறார்கள் என்றார். புகழ்ச்சிக்கு மயங்காதவன் என்று என்னைச் சொல்ல முடியாது. ஆலை வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் வாடகை ஷெட். செருப்பும் டி-ஷர்ட்டுமாகப் பிள்ளைகள், எல்லாருக்கும் என் மகள் வயது. இவர்கள் வானத்துக்கு அனுப்புவதை நாம் பார்த்த மாதிரிதான் என்று முதல் வாரம் மனைவியிடம் போனில் சிரித்தேன். டேங்குக்குப் பொறுப்பு ஒரு பெண். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னை அண்ணா என்பார். நான் மேடம் என்றால் யாரையோ கூப்பிடுவதுபோல் திரும்பிப் பார்ப்பார். அதனால் "ம்மா" என்று முடித்துக்கொள்வேன்.

எரிபொருள் நிரப்பும் டேங்கின் வளையங்களை ஒன்றோடொன்று இணைப்பதுதான் என் வேலை. தகடு அவ்வளவு மெலிசு. ஆனால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு தாள், ஒரு கையெழுத்து. எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் பாய்லர் முப்பது வருஷம் எரியும். இது சில நிமிஷம் ஓடிக் கடலில் விழப் போகிறது, இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஒருநாள் அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டேன். வெளிநாட்டில் ராக்கெட்டின் கீழ்ப்பாகம் இப்போது கடலில் விழுவதில்லை, தானே திரும்பி வந்து நிற்கிறது, கழுவித் துடைத்து மறுபடி அனுப்புகிறார்கள் என்று போனில் காட்டினார். நாமும் ஒருநாள் அப்படிச் செய்வோம், அப்போது இதுவும் உங்கள் பாய்லர் மாதிரிதான், வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும் என்றார்.

அந்தப் பேச்சு என்னை ஆட்டிவிட்டது. அதற்குப் பிறகு அந்த டேங்கின் மேல் எனக்கு ஒரு பிரியமே வந்தது. அதுதான் வினை. தாளில் இணைப்புக்கு வெல்டிங் ஒரே சுற்று என்று போட்டிருந்தது. நான் அதன்மேல் மெலிதாக இன்னொரு சுற்று ஓட்டினேன். ஆலையில் எத்தனையோ வருஷமாக அப்படித்தான், என் மேல்சுற்று ஒருநாளும் ஒழுகியதில்லை. பிறகு மட்டமாகத் தேய்த்துவிட்டேன். எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி இல்லை. யாரையும் கேட்கவில்லை. நல்லது செய்ய யாரைக் கேட்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. திங்களன்று டேங்கின் மேல் தாங்கிகளைப் பொருத்தி, குளிர் தாங்கும் உறை போட்டு மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இருக்கும் மைத்துனர் புது வீடு குடிபோனார். சனிக்கிழமை நான் ஊருக்கு வந்து, மனைவியோடு பைக்கில் போயிருந்தேன். பந்தியில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எனக்கு. பழைய எவர்சில்வர் அண்டா ஒன்று வெளிப்பக்கம் ஈரமாகவே இருந்தது. துடைத்தேன், மறுபடி ஈரம். குனிந்து பார்த்தால், எப்போதோ சீர் கொடுத்தவர்களின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்களே, அந்த எழுத்தில் ஒரு புள்ளி வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

என் அச்சு நினைவுக்கு வந்தது. ஆலையில் ஒவ்வோர் இணைப்பு முடிந்ததும் பக்கத்தில் வெல்டர் தன் நம்பரை அச்சு வைத்துச் சுத்தியால் அடிக்க வேண்டும். என் நம்பர் பதினேழு. வருஷா வருஷம் வரும் இன்ஸ்பெக்டர் அதைப் படித்து யாருடைய வேலை என்று கேட்பார். பாய்லர் இரும்பு தடிமனானது, அடியைத் தாங்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மெல்லிய தகட்டிலும் நான் அடித்தேனா? சட்டைப் பையிலிருந்து அச்சை எடுத்தது நினைவிருந்தது. திரும்ப வைத்ததும் நினைவிருந்தது. நடுவில் என்ன செய்தேன் என்பது கைக்குத்தான் தெரியும்.

மலையில் என் போனுக்குச் சிக்னல் இல்லை. மனைவியிடம் ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லி பைக்கை எடுத்தேன். இறங்கும்போது இரண்டு இடத்தில் சிக்னல் வந்தது. இரண்டு இடத்திலும் நிறுத்தினேன், பேசவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். நம்பர் இருந்தால் அது தாங்கிக்கு அடியில் போய்விடும், ஒருவர் கண்ணிலும் படாது. சொன்னால் மாதக்கணக்கில் செய்த டேங்க் போச்சு, என் வேலையும் போச்சு. ஆலையை எழுதிக் கொடுத்தவனுக்குத் திரும்பிப் போக இடமும் இல்லை. சொல்லாவிட்டால் அது வெடித்தாலும் வெடிக்கும். மூன்றாவதாகச் சிக்னல் வந்த வளைவில் நிறுத்தி அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"ம்மா, அந்த டேங்க்ல நான் நம்பர் அடிச்சிட்டன்னு நெனைக்கறன்."

"என்ன நம்பர்ணா?"

"என் நம்பர்தாம்மா. பாய்லர்ல அடிக்கற பழக்கம். கைபாட்டுக்கு அடிச்சிடுச்சு."

எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். நாளைக்கு வாங்கண்ணா, சேர்ந்து பார்ப்போம் என்று வைத்துவிட்டார்.

இருந்தது. திங்களன்று டார்ச் அடித்துப் பார்த்தோம், ஒன்றும் ஏழும் பளிச்சென்று. ஆலையாக இருந்தால் மெமோ வரும், விளக்கம் எழுத வேண்டும், விசாரணைக்கு நிற்க வேண்டும். நான் மெமோவுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு கண்ணாடி அறைக்குள் முதலாளிகளோடு அரைமணி நேரம் பேசிவிட்டு அந்தப் பெண் வெளியே வந்தார். இது இனிப் பறக்காது, தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றி உடைத்துப் பார்க்கப் போகிறோம் என்றார். ஒரு டேங்கையாவது உடைத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். இருப்பது இரண்டு, அதில் ஒன்றை உடைப்பதா என்று மறுத்துவிட்டார்களாம்.

இரண்டு நாள் கழித்து மணல் மூட்டைச் சுவருக்குப் பின்னால் டேங்கை வைத்தார்கள். நாங்கள் இந்தப் பக்கம் திரையில் பார்த்தோம். எல்லார் கண்ணும் பதினேழின் மேல்தான். அழுத்தம் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. பொத்தென்று ஒரு சத்தம், மாவு மூட்டை விழுந்த மாதிரி. தண்ணீர் கொட்டியது. பிள்ளைகளோடு நானும் ஓடினேன்.

நம்பர் அப்படியே இருந்தது. பிளந்தது என் வெல்டிங். ஒரு கையளவு நீளம், தையல் விட்டதுபோல. அதுவும் அவர்கள் கணக்குப் போட்டிருந்த அழுத்தம் வருவதற்கு வெகு முன்பே.

அந்தப் பெண் ஒரு துண்டை வெட்டி, மெருகேற்றி, பூதக்கண்ணாடியில் காட்டினார். இணைப்பை ஒட்டி ஒரு பட்டை மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. இந்த மெல்லிய தகட்டில் சூடு ஜாஸ்தியாகி அந்த இடம் இளகிவிட்டது என்றார்.

"ரெண்டு தடவ ஓட்டுனீங்களாண்ணா?"

"ஆமாம்மா."

"நம்பர் அடிச்சத அவ்ளோ தூரத்துல இருந்து போன் பண்ணிச் சொன்னீங்க. இத ஏன் சொல்லல?"

"அது தப்புன்னு தெரியாதும்மா. அதான் என் கைவேலன்னு நெனச்சிக்கினு இருந்தன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிள்ளைகள் அந்தப் பிளவைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ கிடைத்துவிட்ட மாதிரி சந்தோஷமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஷெட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவமானமாக இருந்தது. தப்பு என்று தெரிந்ததைத்தான் நான் ஒப்புக்கொண்டேன். பெருமை என்று நினைத்ததை யாரிடமும் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அண்டா மட்டும் ஒழுகாமல் இருந்திருந்தால் அந்த மேல்சுற்றோடுதான் ராக்கெட் போயிருக்கும். அது வெடித்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குக் காரணம்கூடக் கிடைத்திருக்காது.

சாயங்காலம் அந்தப் பெண் வந்து, அடுத்த டேங்குக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும், ஆலையிலிருந்து கூட்டி வாருங்கள், அவர்களோடு நீங்களும் முதலிலிருந்து வெல்டிங் டெஸ்ட் கொடுங்கள் என்றார். சரி என்றேன்.

அந்த ஞாயிறு ஆலை வாசல் டீக்கடையில் என் கூட வேலை பார்த்த இருவரைப் பார்த்து, அங்கே வேலைக்குக் கூப்பிட்டேன். எனக்கு முன்னாலேயே கதை வந்து சேர்ந்திருந்தது, ஆனால் பாதிக் கதை. ராக்கெட்டிலும் போய் நம்பர் அடித்தேன் என்று சிரித்தார்கள். இளையவன் என் தோளில் தட்டி, "நம்பர் போனா போவுது. உன் வெல்டிங்க எவனும் கொற சொல்ல முடியாதுல்ல?" என்றான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்திருக்கலாம். மலையில் போன் செய்தபோது வேலை போய்விடும் என்று பயந்தேன். இங்கே அதைவிட அதிகமாக பயந்தேன். இருபத்தாறு வருஷம் இந்த வாசலில் எனக்கிருந்த பெயர் அந்தக் கை ஒன்றுதான்.

"நம்பர்ல பொளக்கல," என்றேன். "என் வெல்டிங்லதான் பொளந்துச்சு. மேல்சுத்து போட்ட எடத்துல."

மூத்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். இளையவன் என் பக்கம் திரும்பினான்.

"இன்னாண்ணா இது. அந்த மேல்சுத்த எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானே?"

"நான்தான்," என்றேன். "அங்க வரும்போது அத மறந்துட்டு வாங்க. நானும் மறக்கப் பாத்துக்கினுதான் இருக்கறன். கை கேக்க மாட்டேங்குது."