தயாவதி டீச்சர் குறைத்த ஒரு மார்க்

தயாவதி டீச்சருக்கு மார்க் போடத் தெரியாது என்று அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். நான் கணக்கு டீச்சர். என் பாடத்தில் சரியென்றால் சரி, தப்பென்றால் தப்பு. இவரோ எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தமிழ்க் கட்டுரையில் பிழை திருத்தியதோடு சரி, மார்க் போடாமல் அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"யாருக்கு எழுதினியோ அவங்ககிட்டயே படிச்சுக் காட்டு. அவங்க ஒத்துக்கினா மார்க்கு" என்பார்.

அவருக்கு முன்பு இருந்த தமிழாசிரியரிடம் இந்த வம்பெல்லாம் கிடையாது. தெருவிளக்கு கேட்டு ஒரு விண்ணப்பம். மேலே 'ஐயா', கீழே 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள'. இரண்டும் இருந்தால் பாதி மார்க் வந்துவிடும். தெருவிளக்கு மட்டும் வராது. தயாவதி வந்தது 1965 ஜூனில். மாகறலுக்குப் பக்கத்துக் கிராமம், பயிர் வைக்கும் ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பிட மாட்டார். அதனால் மாலை மணி அடித்ததும் குடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். பெரிய வகுப்புப் பையன்கள்கூட அந்த ஓட்டத்துக்கு ஒதுங்கி வழிவிடுவார்கள்.

"வேணாம்னு சொல்லக்கூடிய ஆளுக்குத்தான் எழுதணும். அவங்க ஏன் வேணாம்னு சொல்லுவாங்கன்னு மொதல்ல யோசி. அதுக்குப் பதில் எழுது." வகுப்பில் இவ்வளவுதான் அவர் சொல்லிக்கொடுத்தது. ஒரு பையன் நாய்க்குட்டி வளர்க்க அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டு, மார்க்குக்குச் சாட்சியாகக் குட்டியையே வகுப்புக்குத் தூக்கி வந்தான். அது என் கரும்பலகை அழிக்கும் துணியைக் கடித்துக் குதறியது. தயாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போன பிறகு வந்தது.

அடுத்த ஜனவரியில் மகாபலிபுரம் சுற்றுலா வந்தது. பாடம் கெடக்கூடாதென்று தயாவதி சனிக்கிழமையாகப் பார்த்து நாள் குறித்தார். 'என்னைச் சுற்றுலாவுக்கு அனுப்புங்கள்' என்று ஒவ்வொருவரும் அப்பாவுக்கு ஒரு கடிதம், இருபத்தைந்து மார்க். இதுதான் கட்டுரை.

கிருஷ்ணவேணி அந்த வகுப்பில் எழுத்தில் முதல். அவள் பார்த்த பெரிய தண்ணீரெல்லாம் செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்றில் ஒரு மழைக்கு வந்த வெள்ளம்தான். கடலைப் பார்த்தே தீருவது என்று ஆசை பிடித்து ஆட்டியது அவளை. பல்லவர்கள், அலை, சங்கு என்று நான்கு பக்கம் எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினாள். அவள் அப்பா வீராசாமி தறி நெய்கிறவர். கரை வேறு நிறமாக வரும் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். குறுக்கு நூலோடு ஓடும் நாடாவை ஒரு பக்கத்திலிருந்து தள்ளுவது கிருஷ்ணவேணி. பள்ளிக்கூடம் இல்லாத நாளில்தான் அவள் முழுப் பொழுதும் உட்கார முடியும்.

வீராசாமி கடைசி வரி வரைக்கும் கேட்டார். "நல்லாத்தான் எழுதிக்கினு இருக்குற. சனிக்கெழம நீ போய்ட்டா அந்தாண்ட பக்கம் யாருமா தள்ளுவாங்க?" என்றார்.

சட்டம் சட்டம்தானே, எழுதியதற்கு ஐந்து மார்க் மட்டும். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே கதி. கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் நான்கைந்து பேர் மட்டும் இருபதைத் தாண்டினார்கள். பஸ் நிறையாவிட்டால் சுற்றுலாவே கிடையாது என்று தலைமையாசிரியர் சீனிவாசன் சொல்லிவிட்டார். "பசங்களுக்குச் சரியா சொல்லிக் குடுக்கலயோ அக்கா" என்று தயாவதி என்னிடம் நொந்துகொண்டார். சனிக்கிழமை விஷயத்தை என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டால்தானே!

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த கிருஷ்ணவேணி, மூன்றாம் நாள் ஆசிரியர் அறைக்கு வந்து ஒரு தாளைத் தயாவதியின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இந்த முறை கடிதம் டீச்சருக்கே எழுதியது.

'என் அப்பாவால் சனிக்கிழமைக்குச் சரி என்று சொல்ல முடியாது. சொன்னால் தறி நின்றுவிடும். நீங்கள் சரி என்று சொன்னால் எதுவும் நிற்காது. அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் நெய்ய மாட்டார்கள். மாசி அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வருகிறது, பள்ளிக்கூடமும் இல்லை. திரும்பி வர இருட்டிவிடுமே, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று நீங்கள் யோசிப்பீர்கள். ஐந்து மணிக்கே எல்லோரும் கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நீங்கள் கிழங்கும் சாப்பிட மாட்டீர்கள் என்று தெரியும். அம்மா உங்களுக்கு எலுமிச்சம் சாதம் கட்டித் தருவார்.'

தயாவதி அதை இரண்டு தடவை படித்தார். எனக்கும் படித்துக் காட்டினார்.

"இவதான் சரியான ஆளுக்கு எழுதியிருக்கா அக்கா. நான்தான் எல்லாரையும் தப்பான ஆளுக்கு எழுத வெச்சிட்டேன்." சொல்லிக்கொண்டே தலைமையாசிரியர் அறைக்கு ஓடினார். பஸ்ஸுக்கு ஓடுகிற அதே ஓட்டம். சனிக்கிழமை அமாவாசையாக மாறியது. ஆனால் கிருஷ்ணவேணி கேட்டபோது, "போய்ட்டு வந்தப்பறம்தாம்மா மார்க்கு" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு விடிகாலையில் பஸ் தெருமுனைக்கு வந்தபோது பிள்ளைகளோடு வீராசாமியும் நின்றுகொண்டிருந்தார். சலவை வேட்டி, கையில் தூக்குச் சட்டி. அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு அப்பாக்கள்.

"இன்னிக்கு எங்களுக்கும் வேல இல்ல டீச்சர். நின்னுக்கினே வரோம், எடம் இருக்குதா?" என்று கேட்டார்.

"பொண்ண தனியா அனுப்ப பயமாப்பா?" என்றேன் நான், சும்மா இருக்காமல்.

"அதெல்லாம் இல்லமா." தூக்குச் சட்டியைக் கை மாற்றிக்கொண்டார். "நானும் பாத்ததில்ல."

தயாவதி பஸ்ஸின் முன் இருக்கைகளைக் காலி செய்து அப்பாக்களை உட்கார வைத்தார். பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தார்கள். என் மடியிலும் ஒருத்தி.

ஐந்து மணிக்கு எல்லோரும் மணலில் வரிசையாக உட்கார்ந்தோம். யாருக்கும் பசியே இல்லை, ஆனால் ஒருவர்கூட மிச்சம் வைக்கவில்லை. கை கழுவிய பிறகு தயாவதி பையிலிருந்து அந்தக் கடிதத்தையும் சிவப்பு மைப் பேனாவையும் எடுத்தார். என் முதுகில் தாளை வைத்துத்தான் மார்க் போட்டார். இருபத்து நான்கு.

"ஒரு மார்க்கு ஏன் டீச்சர் கொறச்சீங்க?" என்றாள் கிருஷ்ணவேணி, விடாமல்.

"உங்க அப்பாவும் கடலப் பாத்ததில்லன்னு நீ எழுதவே இல்லயே. எழுதியிருந்தா மொத வரியிலயே ஒத்துக்கினு இருப்பேன்."

கிருஷ்ணவேணி திரும்பிப் பார்த்தாள். வீராசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். அலை வரும்போது பின்வாங்குவதும், அது போகும்போது கூடவே நாலடி ஓடுவதுமாக, தன்னை யாராவது பார்க்கிறார்களா என்ற நினைப்பே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கே தெரியாது டீச்சர்" என்றாள். தாளை என் மடியில் போட்டுவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள்.