தொடாதே சாரின் காசு அலமாரி

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பழைய காசு சேர்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற இடத்தில் அவர் 'தொடாதே சார்'தான். புதிதாக வந்த யாராவது ஆசையாக ஒரு காசைத் தூக்கினால் போதும், கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து "தொடாதே!" என்று ஒரு சத்தம் வரும். தூக்கியவர் கை பாதியிலேயே நின்றுவிடும்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்காரவைத்து உயிரை எடுத்துவிடுவார். "விளிம்பைப் பிடிங்க. முகத்துல விரல் வைக்காதீங்க. எலுமிச்சை, பற்பசைன்னு எதையாவது போட்டுத் தேய்க்காதீங்க, தேய்ச்சா காசு செத்துப்போயிடும். மலிவு பிளாஸ்டிக் உறையில போட்டீங்கன்னா உள்ளேயே வேர்த்துப் பச்சை பிடிக்கும். ரப்பர் பேண்டு சுத்தவே கூடாது."

"அப்போ காசை வெச்சுக்கிட்டு என்னதான் சார் பண்றது?"

"பாருங்க. கண்ணு எதுக்கு இருக்கு?"

பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க கறுப்பு கிரீஸில் முங்கி எழுகிற கை. அதனாலேயோ என்னவோ, விரல் அடையாளம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. வேலை முடிந்து வந்ததும் குளியலறைக்குள் போனார் என்றால் லேசில் வெளியே வரமாட்டார். நகத்துக்கு ஒரு பிரஷ், முழங்கைக்கு ஒரு பிரஷ். தண்ணீர் கொட்டுகிற சத்தம் மேல்மாடி வரைக்கும் கேட்கும். வெளியே வந்து, வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டி, பூதக்கண்ணாடியோடு காசு அலமாரி முன்னால் உட்காருவார். மெல்லிய மர இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் வரிசையாக வட்டக் குழிகள், குழிக்கு ஒரு செப்புக் காசு. அலமாரிச் சாவி எப்போதும் இடுப்பில். குளிக்கும்போது மட்டும் குளியலறைக் கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் தொங்கும்.

மனைவி, பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தாள். வலது கட்டைவிரலில் ஒருநாள் மெஷின் ஊசி ஏறி, குறுக்கே ஒரு தழும்பு விழுந்திருந்தது. வாய்த்துடுக்குக்காரி.

"ஒரே ஒரு தடவை கையில வெச்சுப் பாக்கறேங்க. கடிச்சா தின்னுடப்போறேன்?"

"உன் கையில எப்பப் பாரு மெஷின் எண்ணெய். அந்தப் பக்கமே வராதே."

"உங்க கையில மட்டும் பன்னீரா வழியுது?"

"நான் உறை போட்டுக்கறேன்ல?"

"அப்படி என்னதான் இருக்கோ அதுல" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அந்தச் சிரிப்புக்காகவாவது ஒரு காசை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்திருக்கலாம் இந்த மனுஷன். வைக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு. அவர் அப்போது லிஃப்ட் குழிக்குள் இருந்தார். போனில் சிக்னல் இல்லை. மேலே ஏறி வந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. அவர் அழவில்லை. மகளும் பள்ளி பஸ் ஓட்டுகிற மருமகனும் வந்து தங்கி, காரியங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். படுக்க இடமில்லாமல் மருமகன் காசு அலமாரி இருந்த அறையில் படுத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தில் ஒரு பெரிய செப்புக் காசு வாங்கினார். பெண் முகம் போட்டது. ஏன் வாங்கினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கடைசி இழுப்பறையில் கடைசியாகக் காலியாக இருந்த குழியில் அதை வைத்தார். அதோடு அலமாரி நிரம்பிவிட்டது.

சில மாதம் போயிற்று. ஒருநாள் மேல் இழுப்பறையைத் திறந்தவருக்குப் பகீரென்றது. முதல் குழிக் காசில், ராஜாவின் கன்னத்தில், பழுப்பாக ஒரு விரல் அடையாளம்.

விரலில் இருக்கிற எண்ணெயும் வேர்வையும் செம்பை மெல்ல மெல்லத் தின்னும். தொட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்துத்தான் அடையாளம் மேலே வரும். இதை ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியவரே அவர்தான். அதனால் கணக்குப் போட்டார். பூட்டு உடையவில்லை. சாவி இடுப்பில். அறையில் படுத்தது யார்? மாப்பிள்ளை.

மறுநாள் இரண்டாவது குழிக் காசில் வந்தது. அதற்கு மறுநாள் மூன்றாவதில். ஒன்றுகூட விட்டுப்போகாமல், வரிசை மாறாமல், எல்லாமே முகத்தின் கன்னத்தில். யாரோ வரிசையாக எல்லோரையும் தடவிக் கொடுத்துக்கொண்டு வந்ததுபோல. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் மெல்லிசாக எண்ணெய் வாசம் அடித்தது. தன் வேலை உடுப்பு வாசம் என்று நினைத்துக்கொண்டார். அவர் கிரீஸுக்கு அந்த வாசம் கிடையாது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அப்புறம் செய்தார் பாருங்கள், செய்யவே கூடாததை. ஒரு திரவத்தை வாங்கி வந்து, காசை முக்கி, பஞ்சால் தேய்த்தார். அடையாளம் போயிற்று. கூடவே காசின் நிறமும் போயிற்று. தோல் உரித்த மாதிரி இளஞ்சிவப்பாக முழித்தது. யாராவது இப்படிச் செய்திருந்தால் கூட்டத்தில் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். இப்போது ஆத்திரம் கண்ணை மறைத்தது. தினம் ஒன்று வந்தது, தினம் ஒன்றைத் தேய்த்தார். இழுப்பறை இழுப்பறையாக அது கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சாவியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளியலறைக்குள்ளேயே எடுத்துப்போனார்.

கடைசியில் பொறுக்கமுடியாமல் மகளுக்குப் போன் போட்டு, மருமகனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். மகள் அன்றைக்கே கிளம்பி வந்தாள், முகம் கடுகடுவென்று.

"எங்கே, காட்டுங்க பாக்கலாம். அவர் தொட்டதா சொன்னீங்களே."

அன்று காலையில் அடையாளம் வந்த காசு இன்னும் தேய்க்காமல் இருந்தது. பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். குனிந்து பார்த்தவள் நிமிரவே இல்லை.

"அப்பா, நடுவுல குறுக்கால ஒரு கோடு போகுதே, பாத்தீங்களா?"

"என்ன கோடு?"

"ஊசி ஏறின தழும்புப்பா. இது அம்மா விரல்."

அவர் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தார். ஆமாம். ரேகைகளை வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரு கோடு. இத்தனை நாளாக அதே கண்ணாடியில்தான் பார்த்தார். எழுத்து தேய்ந்திருக்கிறதா, வருஷம் தெரிகிறதா என்று பார்த்தாரே தவிர, விரல் யாருடையது என்று பார்க்கத் தோன்றவில்லை.

"சாவி எப்பவும் என்கிட்டதானே இருந்துது?"

"குளிக்கறப்போ ஆணியில மாட்டுவீங்களே. அம்மா இருக்கறப்போ ஒரு தடவை நான் வந்திருந்தேன்ல, அப்போ பாத்தேன். தினம் ஒண்ணா எடுத்துப் பாத்துக்கிட்டிருந்தாங்க. 'உங்கப்பா அப்படி என்னதான் பாக்கறாருன்னு தெரிஞ்சுக்கணும்டி, வரிசையா பாத்துட்டு வரேன், போட்டுக்குடுத்துடாதே'ன்னாங்க. தண்ணி சத்தம் நின்னதும் ஓடிப்போய் சாவியை மாட்டிட்டாங்க." மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசி வரைக்கும் பாத்து முடிச்சாங்களான்னுதான் தெரியல. சரி, மத்ததெல்லாம் காட்டுங்க."

அவர் நகரவில்லை. மகளே இழுப்பறைகளைத் திறந்தாள். வரிசை வரிசையாக, பளபளவென்று, இளஞ்சிவப்பாக.

"எல்லாத்தையும் தேய்ச்சிட்டீங்களாப்பா?"

"ஐயோ" என்றார். மனைவி போன அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது. வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு ஒரு காசையும் அவர் தேய்க்கவில்லை. காத்திருந்தார். அவள் விரல் இன்னும் எத்தனை காசில் பாக்கி இருக்கிறது? எந்த இடத்தில் நின்றுபோகும்? இதே நினைப்புதான் லிஃப்ட் குழிக்குள்ளும். காலையில் எழுந்ததும் எண்ணெய் வாசத்தைத் தேடிக்கொண்டு அலமாரிக்கு ஓடுவார். கடைசி இழுப்பறையில் அடையாளங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. கடைசி வரிசைக்கும் வந்தன. ஒரே ஒரு குழி மிச்சம் இருக்கும்போது நின்றுவிட்டன. நிற்கத்தானே வேண்டும்? அந்தக் கடைசிக் குழியில் இருப்பது அவள் போன பிறகு வாங்கிய காசு. 'பாத்து முடிச்சுட்டா' என்று அவருக்கு ஒரு நிம்மதி. பல நாள் எதுவும் வரவில்லை. வாசமும் அடங்கிவிட்டது.

ஒரு சாயங்காலம் குளித்துவிட்டு, கையில் பிளாஸ்டிக் பைச் சாவியோடு வெளியே வந்தார். வீடு முழுக்கத் தையல் மெஷின் எண்ணெய் வாசம். பூட்டைத் திறந்து கடைசி இழுப்பறையை இழுத்தார். பெண் முகத்தின் கன்னத்தில் விரல் அடையாளம். நடுவில் தழும்புக் கோடு. மற்றதெல்லாம் பழுப்பு, இது மட்டும் பளபளத்தது. உறை போட்ட விரலால் ஒற்றிப் பார்த்தார். உறையில் எண்ணெய் ஒட்டியது.

மகள் அடுத்த வாரம் வந்தபோது, மற்றதைப் போல மாதக்கணக்கில் காத்திருக்காமல் அதுவும் காய்ந்து பழுப்பேறியிருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கடைசிக் காசு வரைக்கும் பாத்துட்டாங்கப்பா! குறையில்லாமதான் போயிருக்காங்க. இது எப்போ வாங்கினது?"

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். "அவ இருக்கறப்போதான்மா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒருவர் வெறும் கையால் காசை எடுத்துப் புரட்டியபோது தொடாதே சார் வாயே திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று எல்லோரும் விசாரித்தார்கள். புதிதாக ஒரு செப்புக் காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குழி எதுவும் காலி இல்லை. அலமாரிக்குள் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் காசை முகம் தெரிய வைத்துப் பூட்டினார். சாவியைக் குளியலறைக்கு வெளியே பழைய ஆணியில் மாட்டினார்.

"குளிக்கப் போறேன், நேரமாகும்" என்று யாரும் இல்லாத வீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். பிரஷை எடுத்து ஒவ்வொரு நகமாகத் தேய்த்தார், தேய்த்த நகத்தையே திரும்பவும் தேய்த்தார், தண்ணீரை மட்டும் நிறுத்தவில்லை.