ஊது டெஸ்டும் ஆடாதோடைக் கஷாயமும்

எங்கள் ஆய்வுக்கூடத்து எலிகளைப் போல வாழக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அளவான குளிர், வடிகட்டிய காற்று, வேளாவேளைக்குத் தீனி, வாரம் இருமுறை புதுப் படுக்கை. ஒரு எலி சோர்ந்து உட்கார்ந்தால்கூட அது பதிவேட்டில் ஏறிவிடும். அவற்றுக்குச் சேவகம் செய்யத்தான் நான் தினமும் கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போகிறேன். முனைவர் பட்ட ஆய்வு என்பது அதற்கு மரியாதையான பெயர். ஆடாதோடை இலையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சேர்மம், வீங்கிப் புண்ணான நுரையீரலைக் காப்பாற்றுமா என்பதுதான் தலைப்பு.

முறை மிகவும் எளிது. முதலில் எலிக்கு இலைச் சேர்மத்தை வாயில் ஊட்டுவோம். ஒரு மணி நேரம் கழித்து, பாக்டீரியாவிலிருந்து எடுத்த நஞ்சை மூக்கில் சொட்டுவோம். நுரையீரல் வீங்கும், நீர் கோக்கும். மறுநாள் எலியைக் கொன்று, நுரையீரலை வெளியே எடுத்துப் பார்ப்போம். மருந்து குடித்த எலிக்கு வீக்கம் குறைவு, குடிக்காததற்கு அதிகம். உடனே கட்டுரை எழுதி, மேலும் ஆய்வுகள் தேவை என்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போவோம்.

நுரையீரல் கெடுவதற்குச் சரியாக ஒரு மணி நேரம் முன்னால் எந்த நோயாளி வந்து மருந்துக்கு வரிசையில் நிற்கிறார் என்று என் வழிகாட்டிப் பேராசிரியரை ஒருமுறை கேட்டேன். "முதல்ல பட்டம் வாங்குங்க. அப்புறம் கேள்வி கேக்கலாம்" என்றார். பெரிய மனிதர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இலை விஷயத்தில் அவர் இன்னும் கண்டிப்பு. தொழிற்பேட்டைப் பக்கத்து இலை கூடவே கூடாது. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆலைகளின் வேலியோரம் ஆடாதோடை புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. இலையைத் தடவினால் விரல் கருப்பாகும், அவ்வளவுதான் குறை. அதை எலிக்குக் கொடுத்தால் பாவம், எலிக்கு ஏதாவது ஆகிவிடும். அதனால் ஊத்துக்கோட்டைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வயல்வெளிப் பக்கம் போய்ச் சுத்தமான இலையாகப் பறித்து வருவேன்.

அந்த வேலிக்கு உள்பக்கம்தான் நைனா இருபத்தாறு வருடமாக மூச்சு விடுகிறார். நைனா என்றால் என் அப்பா. பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஆலையில் உலைக்காரர். உலை மூடியைத் திறந்தால் வருகிற புகைக்கு அவரிடம் உள்ள ஒரே தடுப்பு தோளில் கிடக்கும் துண்டு. ஆலை கொடுத்த முகமூடி எங்கள் வீட்டு ஆணியில் பத்திரமாகத் தொங்குகிறது. அதைப் போட்டால் பேச முடியவில்லையாம். பேசாவிட்டால் இரும்பு உருகாது போலிருக்கிறது.

போன மழைக்காலத்தில் அவருக்கு இருமல் பிடித்தது, விடவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, ஏதோ வேடிக்கை பார்ப்பதுபோல் தெருவைப் பார்ப்பார். எங்கள் தெருவில் பார்க்க ஒன்றுமே இல்லை. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "மொதல்ல அந்தப் புகையை விட்டு வெளிய வாங்க" என்றார். நைனா மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

புகையை விட்டு வெளியே வர ஒரு வழி இருந்தது. ஆண்டுக்கொரு முறை ஆலைக்கு மருத்துவ வேன் வரும். ஒரு குழாயை வாயில் வைத்து, மூச்சை இழுத்துப் பலம்கொண்ட மட்டும் ஊத வேண்டும். ஊது டெஸ்டு என்பார்கள். தேறாதவரை உலையிலிருந்து எடுத்து எடை மேடைக்கு மாற்ற வேண்டும் என்பது ஆலையின் விதி. எடை மேடை கேட்டுக்குப் பக்கத்தில், லாரிகளை எடை போடும் இடம். ஒரு வேப்பமரம், ஒரு மின்விசிறி, புகை எட்டாது. எனக்கு அது சொர்க்கம். உலைக்காரர்களுக்கோ அங்கே போவதைவிட அவமானம் வேறில்லை.

அதனால் டெஸ்டுக்கு இரண்டு வாரம் முன்பே பயிற்சி தொடங்கும். பீடியை நிறுத்துவார்கள். டீக்கடை வாசலில் ஐம்பது வயது மீசைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, பிறந்தநாள் பலூன்களைக் கண் பிதுங்க ஊதுவார்கள். வேறு எந்த ஊரிலும் நுரையீரல் நோயை இத்தனை கலர் கலராக மறைக்க மாட்டார்கள்.

நைனாவும் பலூன் வாங்கிவந்தார். பாதி ஊதுவதற்குள் இருமல் வந்து, பலூன் கைநழுவி வீடெல்லாம் சுற்றிப் பறந்தது. அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு காரணத்துக்காக. இந்த வருடம் இவர் நிச்சயம் தோற்பார், வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

என் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டது அம்மா.

"ஏன்டி, எலிக்கு மட்டும் ஊத்துக்கோட்டை வரைக்கும் போய்த் தழை பறிச்சினு வர்ற. பெத்தவருக்கு ஒரு டம்ளர் காய்ச்சிக் குடுக்க மாட்டியா?"

"அது இன்னும் மனுசங்களுக்கு நிரூபிக்கலம்மா."

"எலிங்களுக்கு நல்லாச்சா இல்லியா?"

"ஆச்சு."

"இப்ப எப்டி கீது அதுங்கல்லாம்?"

"எல்லாம் செத்துப்போச்சு."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆராய்ச்சியை நம்பாமல் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தை எடுத்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளே நைனா இருமினார். எலும்பு வரை குலுக்குகிற இருமல். என்னால் தாங்க முடியவில்லை. பையில் மிச்சமிருந்த ஊத்துக்கோட்டை இலையைக் கழுவி, மிளகு தட்டிப்போட்டு நானேதான் காய்ச்சினேன். அளவு, ஆதாரம், பக்க விளைவு எதுவும் அப்போது நினைவில் இல்லை.

பத்து நாள் குடித்தார். சளி இளகியது, தூங்கினார். அதே பத்து நாளில் உலைக்கு உள்பூச்சு மாற்றுவதற்காக ஆலையில் உலையை அணைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புகையே இல்லை. அது முடிந்த மறுநாள் வேன் வந்தது.

சாயங்காலம் நைனா கையில் ஸ்வீட் பொட்டலத்தோடு வந்தார். "பாஸாயிட்டேன்மா! உன் மருந்துதான். குழாய ஒடச்சிடப் போறேன்னு அந்த டாக்டரம்மாவே பயந்துட்டாங்கோ" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் கலங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"மருந்து இல்ல நைனா. உலை அணைச்சிருந்தாங்க. பத்து நாள் புகை இல்ல, அதனாலதான் மூச்சு வந்துச்சு" என்றேன்.

"உலை எல்லாருக்கும்தான் அணைஞ்சிருந்துச்சு. என் ஷிப்டுல கஷாயம் குடிச்சது நான் ஒருத்தன்தான். குடிக்காத ரெண்டு பேரு ஊத முடியாம எடை மேடைக்குப் போய்ட்டானுங்கோ. இதுக்கு இன்னா சொல்ற?"

இருபத்தாறு வருடம் உலையடியில் நின்ற மனிதர், மருந்து குடித்த குழு, குடிக்காத குழு என்று பிரித்து என் முன்னால் வைத்துவிட்டார். நாலைந்து பேரை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று வாயெடுத்தேன். எங்கள் முதல் கட்டுரையில் குழுவுக்கு ஆறு எலிகள்தான் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுவாரமே அவர் ஷிப்டில் மிச்சமிருந்தவர்கள் பிளாஸ்கோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். "தங்கச்சி, எங்களுக்கும் கொஞ்சம்" என்றார் ஒருவர். காய்ச்ச மாட்டேன், அந்த முகமூடியைப் போடுங்கள், டாக்டரைப் பாருங்கள் என்று நான் கத்தியதை எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அம்மாவிடம் இலை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். இப்போது வேலியோரத்துப் புதர்களில் கைக்கெட்டிய உயரத்துக்கு இலையே இல்லை. எலிக்கு ஆகாத அந்தக் கருப்பு இலை அவர்களுக்கு ஆகிவிட்டது.

நைனாவுக்கு மட்டும் ஊத்துக்கோட்டை இலை. நான் நிறுத்தினால் அவர் வேலியோரம் போய்ப் பறித்துக்கொள்வார், அது தெரிந்துதான் காய்ச்சுகிறேன். காலையில் ஐந்து மணிக்கு டம்ளரைக் கையில் கொடுப்பேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "இனிமே புகை இன்னா பண்ணும்?" என்பார். ஆறு மணிக்கு உலை மூடி திறக்கும். முதலில் மருந்து, ஒரு மணி நேரம் கழித்து நஞ்சு. எங்கள் ஆய்வுக்கூடத்து முறை கொஞ்சமும் பிசகவில்லை.

எலியாக இருந்தால் மருந்து கேட்டதா என்று மறுநாளே தெரிந்துவிடும். நைனாவுக்கு அடுத்த ஊது டெஸ்டு வரை நான் காத்திருக்க வேண்டும். அதிலாவது அவர் தோற்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டே, கஷாயத்தில் ஒரு துளி சிந்தாமல் வடிகட்டுகிறேன்.