ஷெல்பிக்கு விழுந்த எஃப்

ஷெல்பி ஸ்டிடமைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு மனசு ஆறாது. எங்கள் கெண்டக்கி மலைப்பக்கத்தில் அவள் நர்ஸ் ஆகாமல் வேறு எவள் ஆவது?

அவள் அப்பா ரோஸ்கோ, நிலக்கரிச் சுரங்கத்துக்கு நுரையீரலைக் கொடுத்துவிட்டு ஆக்சிஜன் குழாயோடு வீட்டில் கிடந்தார். அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். பத்து வயதிலேயே அந்தக் குழாயைக் கழுவி மாட்டுவாள் ஷெல்பி. நர்ஸ் ஆகணும், அவ்வளவுதான். வேறு பேச்சே கிடையாது.

நான் உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படிக்கலாம், மதிப்பெண் இரண்டு பக்கமும் சேரும் என்று திட்டம் வந்ததும், பதினாறு வயது ஷெல்பியை உட்காரவைத்து உடற்கூறியலுக்குப் பெயர் கொடுக்கவைத்தவள் நான்தான்.

"என்னால முடியுமா, மிஸ் லொரீன்?"

"ஒன்னால முடியலன்னா இந்த ஊர்ல எந்தக் கழுதையால முடியும்? கையெழுத்தப் போடுடி கண்ணு."

ஆறு வாரம் பறந்தாள். சாப்பாட்டுக்கூடத்தில் என் கையைப் பிடித்து ஒவ்வொரு எலும்புக்கும் பெயர் சொல்லுவாள். ஏழாவது வாரம் வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போயிற்று. கல்லூரிக்குச் சுற்றிப் போவதென்றால் ஒன்றரை மணி நேரம். ரோஸ்கோவை அவ்வளவு நேரம் தனியே விட முடியாது. அலுவலக ஜன்னலில் வந்து அழுதாள்.

"வகுப்ப விட்டுடறேன். அடுத்த வருஷம் எடுத்துக்கறேன்."

"அட, இதுக்குப் போயா அழற? பேர நான் எடுத்துடறேன், போ."

எடுத்தேன், எங்கள் பள்ளிப் பட்டியலிலிருந்து. எங்கள் பள்ளியில் ஜன்னலில் சொன்னால் போதும். கல்லூரியில் அப்படியில்லை. மாணவியே கையெழுத்துப் போட்டு, கெடுவுக்குள் படிவம் கொடுக்கணும். கொடுக்காவிட்டால் போகாத வகுப்புக்கும் ஃபெயில் என்று எஃப் விழும், ஆயுசுக்கும் அழியாது. இதையெல்லாம் சொல்லும் தாள் ஆகஸ்டிலேயே வந்து என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. நான் படிக்கவில்லை.

பள்ளி முடித்து நர்ஸிங்குக்கு விண்ணப்பித்தாள். அறிவியலில் எஃப் இருந்தால் ஐந்து வருஷத்துக்கு இடமில்லை என்று கடிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"நான் பரீட்சையே எழுதலையே மிஸ் லொரீன்! எப்படி ஃபெயிலாவேன்?"

"காலேஜ்லயும் போய் கையெழுத்துப் போட்டிருக்கணும்டி. தெரியாதா?" என்றேன். பாவி நான், அவளையே கேட்டேன்.

கல்லூரிக்குப் போன் செய்தேன். தவறாக வழிகாட்டியது நாங்கள்தான் என்று பள்ளி எழுதிக் கொடுத்தால், எஃப்பை எடுத்துவிட்டு இடம் தருவோம், வெள்ளிக்கிழமைக்குள் வரணும் என்றார்கள். கடிதத்தைத் தட்டச்சு செய்து தலைமையாசிரியர் நேப்பியரிடம் நீட்டினேன்.

"பைத்தியமா லொரீன் உனக்கு? நம்ம தப்புன்னு எழுதினா திட்டத்தையே புடுங்கிடுவாங்க. உன் வேலையும் போகும். ஓய்வுக்கு ரெண்டு வருஷந்தானே இருக்கு?"

கடிதத்தை மடித்து அந்த இழுப்பறையிலேயே போட்டேன். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. "கேட்டுப் பாத்தேன் கண்ணு, முடியாதுன்னுட்டாங்க" என்று ஷெல்பியிடம் சொன்னேன்.

அஞ்சு வருஷம் பொறுக்கிறேன் என்றாள். மூன்றாம் வருஷம் ரோஸ்கோ செத்தார். நாலாம் வருஷம் இவளைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டு ஒருவன் ஓடிப்போனான். ஐந்தாம் வருஷம் வந்ததை அவளே கவனித்திருக்க மாட்டாள்.

இப்போது முதியோர் இல்லத்தில் மலஜலம் எடுத்துக் குளிப்பாட்டும் வேலை. பக்கவாதம் வந்த என் வீட்டுக்காரர் டூவியும் அங்கேதான் படுத்திருக்கிறார். போன வாரம் அவர் குதிகாலில் ஒரு சிவப்பைப் பார்த்துவிட்டு, "இது புண்ணாகப் போவுது" என்று நர்ஸிடம் ஓடினாள்.

"நீ தொடைக்கிற வேலையப் பாரு" என்றாள் நர்ஸ்.

இரண்டே நாளில் தோல் பிய்ந்து சதை தெரிந்தது. ஷெல்பி கட்டிலோரம் நின்று அழுதாள். என்னால் தாங்க முடியவில்லை.

"ஷெல்பி, அந்த எஃப் இருக்கே..."

"அத விடுங்க மிஸ் லொரீன். அது என் முட்டாள்தனம்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என்னயும் ஒரு மனுஷியா மதிச்சு, காலேஜுக்குப் போடின்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான். சாகுறவரைக்கும் மறக்கமாட்டேன்."

டூவியின் காலை மெல்லத் தூக்கித் தலையணைமேல் வைத்தாள். "கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?" என்றாள். பிடித்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற அன்று, நேப்பியர் கையெழுத்துப் போடாத அந்தக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.