இடப்பக்கம் வைத்த குழாய்

மாம்புரியில் நாங்கள் கட்டிய புது வீட்டில் குளியலறை வேலையை முந்தலிலிருந்து வந்த கொத்தனாரிடம் கொடுத்தோம். அண்ணன் முறையில் ‘மேசன் நானா’ என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பாரிசவாதம் வந்ததிலிருந்து என் கணவருக்கு வலக்கையும் வலக்காலும் வேலை செய்வதில்லை. வீல் செயார் இடறாமல் உள்ளே போவதற்காக, வாசலில் கட்டு வைக்காமல் ஒரே மட்டமாக டைல்ஸ் பதிக்கச் சொன்னோம்.

எனக்கு அந்த ஆளை முதல் நாளே பிடிக்கவில்லை. குழாயை இடப்பக்கம், முழங்கால் உயரத்தில் வைத்தார். பிழையாக வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பகலில் கணவர் தூங்கியதும் மேசன் நானா குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். ஒருநாள் வீல் செயார்ச் சக்கரத்தில் சீமெந்து ஒட்டியிருந்தது. மறுநாள் கட்டிலருகே வீல் செயாரையே காணவில்லை.

கோபத்தோடு போய்க் குளியலறைக் கதவைத் தள்ளினேன்.

மேசன் நானா வீல் செயாரில் இருந்தார். தன் வலக்கையைத் துவாயால் உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். இடக்கையால் குழாயைத் திறந்து, குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“கோவிக்காதீங்க தங்கச்சி,” என்று எழும்பினார். “தொழுகைக்கு ஒத்தக் கையால தனிய ஒளு எடுக்க ஏலுமா எண்டு பாத்தேன். அவர் முழிச்சிருக்கக்குள்ள செஞ்சா மனசு நோகும்தானே.”

இரண்டு வருடமாக ஐந்து நேரத் தொழுகைக்கும் கணவர் ஒளு எடுக்க, முகம் கை கால் கழுவத் தண்ணீர் ஊற்றியவள் நான். ஒருநாளாவது என் கையைக் கட்டிப் பார்க்கத் தோன்றியதில்லை.

வேலை முடிந்த அன்று, பின்னேரத்து அஸர் தொழுகைக்கு ஒளு எடுக்கக் கணவர் தனியே குளியலறைக்குள் போனார். பழக்கத்தில் நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவர் கதவைச் சாத்தினார்.

இந்த முறை நான் தள்ளவில்லை.