அம்மா பிரித்துத் தைத்த காலுறை

அம்மா இறந்து நாற்பது நாள் ஆகிறது. தூக்கத்தில் இதயம் நின்றது. ரத்தக்கட்டு காரணமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவது முழுவதும் ரத்தக்கட்டு பற்றி.

அவள் தையல்காரி. கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் மிஷின், கண்ணாடி, இஸ்திரிப் பெட்டி. டிவியில் யார் என்ன பேசினாலும் அவள் காதில் ஏறாது. பேசுகிறவரின் சட்டையைக் காட்டி, "தோள்பட்டை இறங்கியிருக்கு பாரு" என்பாள்.

முப்பத்தெட்டு வருடம் மிதித்த முழங்கால் தேய்ந்து, நான்கு வருடம் முன்பு இடது மூட்டை மாற்றினார்கள். அறுவைக்குப் பின் அசையாத காலில் ரத்தம் தேங்கி உறையும். அந்த ரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. தடுக்க மூன்று ஏற்பாடுகள்: தினம் வயிற்றில் ஊசி, மணிக்கொரு முறை பாத அசைவு, முழங்கால்வரை இறுக்கமான காலுறை.

ஊசிக்கு முகம் சுளிக்கவில்லை. "நான் குத்திக்காத ஊசியா?" பாதத்தை அசைக்கச் சொன்ன பிசியோவிடம், "மிதிச்சு மிதிச்சுதான் முட்டி போச்சுன்னீங்க. இப்ப மறுபடி மிதின்னா எப்படி?" என்றாள். ஆனாலும் மிதித்தாள்.

காலுறைதான் பொறுக்கவில்லை. "இதைத் தைச்சவன் காலையே பாத்திருக்க மாட்டான்."

அறுவை முடிந்த மூன்றாம் நாள் காலை வார்டுக்குப் போனேன். காலுறை அவள் காலில் அம்சமாகப் பொருந்தியிருந்தது. கெண்டைக்கால் பக்கம் பிரித்து, துணி கொடுத்துத் தைத்திருந்தாள். நழுவாமலிருக்க மேலே எலாஸ்டிக் பட்டி. பக்கத்துக் கட்டிலில் இடுப்பு மூட்டு மாற்றிய ஓய்வுபெற்ற டீச்சர். அவர் காலிலும் அதே வேலைப்பாடு. கூடுதலாக இரண்டு பட்டன்.

"டீச்சர் கால் குண்டு. பட்டன் வச்சாத்தான் சௌகரியம்."

"குண்டு இல்லம்மா, தாராளம்," என்றார் டீச்சர்.

நான் பம்பு இன்ஜினியர். அழுத்தம் எங்கே தப்பு என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அம்மா, கணுக்கால்ல அதிகமா இறுக்கணும், மேல போகப் போகக் குறையணும். அப்பத்தான் ரத்தம் மேல ஏறும். நீ கீழ லூஸ் விட்டு மேல இறுக்கிக் கட்டியிருக்க!"

"அதை மொதல்லயே சொல்லியிருந்தா நானே ஒழுங்கா தைச்சிருப்பேன்ல?"

நர்ஸ் வந்து பார்த்தார். வார்டே அதிர்ந்தது. அம்மாவின் கைப்பையிலிருந்து கத்தரி, ஊசிப் பாக்கெட், எலாஸ்டிக் சுருள் எல்லாம் பறிமுதல். இருவருக்கும் புதுக் காலுறை வந்தது.

மறுநாள் அம்மாவின் கெண்டைக்கால் வீங்கிச் சுட்டது. ஸ்கேனுக்குச் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். அவள் ஏறவில்லை.

"மொதல்ல டீச்சரைக் கூட்டிட்டுப் போங்க."

"அவங்களுக்கு வீக்கமே இல்லம்மா," என்றார் நர்ஸ்.

"என் தையல் அவங்க கால்லயும் இருந்துச்சு. பாத்துட்டுச் சொல்லுங்க. அப்புறம் வரேன்."

"அட, எனக்கு ஒண்ணுமில்ல, நீ போம்மா," என்றார் டீச்சர்.

அம்மா கட்டில் கம்பியை விடவில்லை.

கடைசியில் இருவரையும் கூட்டிப் போனார்கள். அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே சின்னதாக ஒரு ரத்தக்கட்டு. "காலுறையாலதான்னு சொல்ல முடியாது. ஆனா அந்தப் பட்டி நல்லதும் பண்ணல," என்ற டாக்டர், மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதினார்.

"டீச்சருக்கு?" அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

"சுத்தமா இருக்கு."

பிறகு நர்ஸிடம், "மாத்திரை, காலுறை, மிதிக்கிறது, எது எது எப்போன்னு சொல்லுங்க. நான் வாயே திறக்கல," என்றாள்.

இரண்டு நாள் கழித்து எதிர்க் கட்டிலுக்கு ஒரு பெண்மணி வந்தார். "நீங்க டெய்லராமே? இது உயிரை வாங்குது, கொஞ்சம் பிரிச்சு விடுங்களேன்," என்று காலுறை மாட்டிய காலை நீட்டினார்.

அம்மா அந்தக் காலை வெகுநேரம் பார்த்தாள். விரல்கள் துறுதுறுத்தன.

"இறுக்கத்தான் செய்யும். கழட்டாதீங்க. பாதத்தை மிதிங்க," என்றாள். பிறகு தாங்க முடியாமல், "ஆனா நீங்க சொல்றது சரிதான். குதிகால் தையல் கோணல்."